செத்த பறவை அழைக்குமா?

வேட்டைக்குப் போகிறவர்களில் சிலர், சுட்ட பறவைகள் எல்லாவற்றையும் சமைத்துவிடுவதில்லை. நல்லதாக நாலைந்தைப் பொறுக்கி உறைபெட்டியில் எடுத்து வைப்பார்கள். அடுத்த முறை அவற்றை வயலில் உட்காரவைத்து, வானத்தில் போகும் அதே இனப் பறவைகளைக் கீழே இறக்குவார்கள். இங்கிலாந்தில் காட்டுப்புறா சுடுகிறவர்களிடம் இது சாதாரண வழக்கம். அங்கே காட்டுப்புறா பயிரைத் தின்னும் பறவை. அதைச் சுடுவதையே தொழிலாகக் கொண்டிருந்த ஆர்ச்சி கோட்ஸ் 1963-இல் எழுதிய புத்தகம் இந்தக் கலைக்குப் பாடநூல் போல ஆனது.

இப்படி ஒரு பறவையைக் காட்டி இன்னொன்றை வரவழைக்கும் உத்தியில், காட்டப்படும் பறவைக்குத் தமிழில் பழைய பெயர் பார்வை. உயிருள்ள பார்வை, செத்த பார்வை, செய்த பார்வை என்று அதில் மூன்று வகை உண்டு. மலேசியாவில், பினாங்கின் சிம்பாங் அம்பாட்டைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலும் தமிழ்நாட்டு வயல்களிலும் வழங்கி வந்தது பெரும்பாலும் முதல் வகை. செத்த பறவையைப் பாதுகாத்து வைப்பது நமக்குப் புதிது. ஆனால் உறைபெட்டி இல்லாத வீடு இன்று நம் வட்டாரத்தில் அபூர்வம், எந்த உத்தியையும் கைப்பேசியில் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். அதனால் இந்த வழக்கம் எதற்காக வந்தது, எங்கே பொருந்தும், நம் ஊரில் ஏன் கூடாது என்று முழுதாகப் பார்த்துவிடுவது நல்லது.

வேலை பறவையைப் பொறுக்குவதில் தொடங்குகிறது. இரத்தம் படியாத, கழுத்து முறியாத, இறகு கொட்டாத பறவையாக இருக்க வேண்டும். உடல் விறைப்பதற்கு முன்பே இறகுகளைத் தடவிப் படியவைத்து, சிறகுகளை உடலோடு ஒட்ட மடக்கி, பெண்கள் அணியும் மெல்லிய நைலான் காலுறைக்குள் தலை முதலில் போகும்படி நுழைப்பார்கள். வால் பக்கமாக நுழைத்தால் இறகெல்லாம் எதிர்த்துச் சிலிர்த்துக்கொள்ளும். பிறகு அப்படியே உறைய வைப்பார்கள். வேட்டைக்குப் போகும்போது எடுத்து, வயலில் நெஞ்சு தரையில் படும்படி வைத்து, தாடைக்கடியில் கூரான குச்சி ஒன்றைச் செருகித் தலையை நிமிர்த்துவார்கள். பறவைகள் காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால், பார்வைப் பறவைகளின் முகமும் ஏறக்குறைய காற்றுவாக்குக்கு எதிராக இருக்க வேண்டும். ஒரு பறவை மல்லாந்து வயிற்றைக் காட்டிக் கிடந்தாலும் போதும், மேலே வரும் கூட்டம் திரும்பிவிடும்.

உறைந்த பறவை நெடுநாள் உழைக்காது. வெயிலில் உருகும், மறுபடி உறையும், சில முறைக்குப் பின் அழுகத் தொடங்கும். அதனால் சிலர் உடலுக்குள் ஃபார்மலின் ஏற்றிக் காயவைக்கிறார்கள். ஃபார்மலினில் இருப்பது ஃபார்மால்டிஹைடு. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவிலேயே சேர்த்திருக்கிறது. வீட்டுப் பின்கட்டில், கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் செய்யும் வேலை அல்ல இது. தோலை உரித்துப் பாடம் செய்வது மூன்றாவது வழி. அதற்குக் கைத்திறன் வேண்டும். அந்தக் கலையிலும் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் வெகுகாலம் ஆர்சனிக் கலந்த சவர்க்காரத்தையே பூச்சி வராமல் இருக்கப் பூசினார்கள். பழைய அருங்காட்சியகங்களில் இருக்கும் பாடம் செய்த பறவைகளை இன்றும் வெறுங்கையால் தொட விடமாட்டார்கள்.

பிளாஸ்டிக் பொம்மை கடையில் கிடைக்கும்போது இத்தனை பாடு எதற்கு? காரணம் பறவையின் கண்ணில் இருக்கிறது. நம் கண்ணில் நிறம் அறியும் கூம்பணுக்கள் மூன்று வகை, பெரும்பாலான பறவைகளுக்கு நான்கு. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் அவை காண்கின்றன. நமக்கு அச்சு அசலாகத் தெரியும் சாயம், மேலே பறக்கும் புறாவுக்கு வேறு நிறமாகத் தெரியலாம், ஈரத்திலும் வெயிலிலும் பளபளக்கலாம். உண்மையான இறகில் அந்தச் சிக்கல் இல்லை.

இறகின் நிறம் பறவையை எவ்வளவு தூரம் ஆட்டிவைக்கும் என்பதற்கு டேவிட் லாக் காட்டிய சான்று புகழ்பெற்றது. ராபின் என்ற செந்நெஞ்சுக் குருவியைப் பற்றி 1943-இல் வெளிவந்த நூலில் அவர் தம் சோதனைகளை விவரிக்கிறார். பாடம் செய்த ராபினைத் தன் எல்லைக்குள் கண்ட உயிருள்ள ராபின் அதைத் தாக்கியது. தலையோ வாலோ இல்லாத வெறும் சிவப்பு இறகுக் கொத்தை வைத்தபோதும் தாக்கியது. உயிர் இருக்கிறதா என்று அது பார்க்கவே இல்லை, அடையாளம் கண்ணில் பட்டதும் உடல் தானாக இயங்கியது. வேட்டைக்காரர் பற்றிக்கொள்ளும் கயிறு இதுதான்.

ஆனால் எல்லாப் பறவையும் ஒன்றல்ல. செத்த புறா புறாவை இறக்கும், செத்த காக்கையோ காக்கையைக் கலைக்கும். இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மொட்டைமாடியில் வடகம் காயப் போட்டால் காக்கை இறகையோ கறுப்புத் துணியையோ கட்டிவைக்கும் பழக்கம் எத்தனையோ வீடுகளில் உண்டு. ஒரு காக்கை செத்து விழுந்தால் மற்றவை கூடிக் கரைவதையும் தெருவில் பார்த்திருக்கிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கேலி ஸ்விஃப்ட், ஜான் மார்ஸ்லஃப் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதை முறையாகச் சோதித்தது. முகமூடி அணிந்த ஒருவர், பாடம் செய்த செத்த காக்கையைக் கையில் ஏந்தியபடி, காக்கைகள் இரை தின்னும் இடத்தில் நின்றார். காக்கைகள் கூடிக் கூச்சலிட்டன. பிறகு அந்த இடத்து இரையை நெருங்கத் தயங்கின. அதே முகமூடி வெறுங்கையோடு வந்தபோதும், வாரக்கணக்கில் அதை நினைவில் வைத்துத் திட்டின. செத்த புறாவைக் காட்டியபோது அந்த அளவு பரபரப்பு இல்லை. தன் இனத்தின் சாவைக் காக்கை ஆபத்தின் செய்தியாகப் படிக்கிறது.

மலேசியாவுக்கு இந்த அறிவு நேரடியாகப் பயன்படக்கூடியது. இங்குள்ள வீட்டுக்காக்கை, காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்பதற்காக 1890-களில் இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டது. காப்பி போய்விட்டது, காக்கை பெருகிவிட்டது. நகராட்சிகள் துப்பாக்கிக்காரர்களை அழைத்துச் சுடுவதும், சில மாதத்தில் எண்ணிக்கை பழையபடி ஆவதும் தொடர்கிறது. காக்கை கூடும் சந்தையிலும் குப்பைமேட்டிலும் குப்பையை மூடிவைப்பதுதான் முதல் வேலை. அதற்குத் துணையாக, காக்கை உருவத்தைத் தொங்கவிட்டுக் கலைக்கும் முறையைச் சுடுவதற்கு முன்பே முயன்று பார்க்கலாம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் லவ்லாக் குகையை 1924-இல் அகழ்ந்தபோது, கோரைத்தண்டால் முடைந்த வாத்துகள் பதினொன்று கிடைத்தன. வயது ஏறக்குறைய 2,000 ஆண்டு. சிலவற்றின் மேல் உண்மையான இறகுகளையே செருகியிருந்தார்கள். அதே வட்டாரத்துப் பைய்யூட் மக்கள், பிற்காலம் வரை, கோரை உடலின் மேல் வாத்தின் தோலைப் போர்த்தி மிதக்கவிட்டார்கள். செத்த பறவையைப் பார்வையாக்கும் எண்ணம் உறைபெட்டியோடு பிறந்ததல்ல என்பதற்கு இது போதும்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய அளவில் பயன்பட்டது உயிருள்ள பறவைதான். வட அமெரிக்காவில் வானத்தை மறைத்துப் பறந்த பயணப்புறாவைப் பிடிக்க, ஒரு புறாவின் இமைகளை நூலால் தைத்து, சிறு பலகையில் காலைக் கட்டி, பலகையை ஏற்றி இறக்குவார்கள். அது தடுமாறிச் சிறகடிப்பது, இரைக்கு இறங்கும் புறாவைப் போலத் தெரியும். கூட்டம் வந்து இறங்கும், வலை மூடும். அந்த இனத்தின் கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக்காட்சியகத்தில் செத்தது. அந்த இனம் அழிந்ததற்கு இமை தைத்ததே காரணம் என்று சொல்ல முடியாது, காடழிப்பும் கணக்கற்ற வேட்டையும் சேர்ந்து முடித்தன. வலைக்காரர்களின் கையில் இருந்த கருவிகளில் அதுவும் ஒன்று.

1935-இல் அமெரிக்கா, வாத்து வேட்டையில் உயிருள்ள பார்வைப் பறவையைத் தடைசெய்தது. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம், கட்டிவைத்த பறவையையும் குருடாக்கிய அல்லது காயப்படுத்திய பறவையையும் பார்வையாக வைக்கக்கூடாது என்றது. உயிருள்ளதற்குத் தடை வந்ததும் அந்த இடம் செத்ததற்கும் செய்ததற்கும் போயிற்று. இமையைத் தைத்துக் கட்டிப்போட்ட பறவையின் வேதனையையும் ஏற்கெனவே செத்த பறவையையும் தராசில் வைத்தால் எது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. பயிர்காக்கச் சுட்டே ஆக வேண்டும் என்ற நிலையில், செத்த பறவை ஒரு கொடுமையை நீக்கித்தான் இருக்கிறது.

தமிழர் வேட்டையிலும் பார்வைக்கு இரண்டாயிரம் ஆண்டுத் தடம் உண்டு. பெரும்பாணாற்றுப்படை காட்டும் வேட்டுவர் குடியிருப்பில், விளாமரத்தில் பார்வை மான் கட்டிக்கிடக்கிறது. நற்றிணையில், பார்வை வைத்துப் பிடிக்கும் வேட்டுவனின் வலைக்கு அஞ்சிக் கணந்துள் பறவை குரலெழுப்புகிறது. பிற்காலத்தில் பழக்கிய கவுதாரியைக் கூண்டில் வைத்துக் காட்டுக் கவுதாரியை வரவழைத்தார்கள். குருவிக்காரர் என்று ஊர் அழைத்த நரிக்குறவர், கண்ணி, வலை, மாட்டின் மறைவில் நீர்ப்பறவையை நெருங்குவது என்று பல உத்திகள் அறிந்தவர்கள். அவர்களுடையது வயிற்றுக்கான வேட்டை. சட்டம் வந்து அதை மூடியபோது மாற்றுத் தொழில் எதுவும் கூடவே வந்துவிடவில்லை. அவர்களைக் குற்றவாளிகளாக மட்டும் பேசும் எழுத்து நேர்மையானதல்ல.

அதே சமயம், கொக்கையும் மடையானையும் இமை தைத்து நெல்வயலில் கட்டிவைப்பது இந்தியாவில் பல இடங்களிலும் வனத்துறையினர் கண்டுபிடிக்கும் வழக்கம். கண் தெரியாத கொக்கு பறக்க முயலாது, அதே இடத்தில் நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு அமைதியாக மேயும் கொக்கு. நம்பி இறங்குகிற கொக்குகள் கண்ணியில் மாட்டும்.

பினாங்கும் கெடாவும் பேராக்கும் சேர்ந்த வடமலேசியாவில் நிலை வேறு. பார்வைப் பறவையை மலாய்க்காரர்கள் டெனாக் என்பார்கள். காட்டுச்சேவலுக்குப் பழக்கிய சேவல், மணிப்புறாவுக்குப் பழக்கிய மணிப்புறா. இவற்றில் அழகானது புயோ எனப்படும் குறுங்காடையைப் பிடிக்கும் ஜெபாக் என்ற பொறி. செதுக்கு வேலை செய்த மரப்பலகை முகப்பு, அதன் பின்னே சிறு கூண்டு, முன்னே வலை. கூண்டுக்குள் இருப்பது பெண். இந்த இனத்தில் எல்லைக்காகக் குரல் கொடுத்துச் சண்டைக்கு வருவது பெண்தான், அடைகாப்பது ஆண். கூண்டுப் பெண் முழங்கியதும் காட்டுப் பெண் சவாலை ஏற்று ஓடிவந்து வலையில் விழும். இன்று அந்தப் பலகைகள் மரவேலைக் கலைப்பொருளாகச் சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன.

வயலோர வாய்க்கால்களில் திரியும் ரூவாக்-ரூவாக், நம்மவர் கானாங்கோழி என்பது, அதுவும் குரலுக்கு வரும் பறவை. அதற்கு இப்போது டெனாக்கும் வேண்டாம், ஒலிபெருக்கியில் பதிவுக்குரல் போட்டாலே போதும். கூண்டில் பாடவைப்பதற்காகப் பிடிக்கப்படும் முராய் பத்து, பராவ்-பராவ் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். வைக்கோல் நிறத் தலையுடைய பராவ்-பராவ், 2018 முதல் உலக அளவில் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இருக்கிறது. தாய்லாந்திலும் ஜாவாவிலும் காடுகளில் அது இல்லாமல் போய்விட்டது. எல்லைக்காகப் பாடும் அதன் இயல்பே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. செத்த பறவை கண்ணால் ஏமாறும் பறவைக்கே உதவும். திறந்த வெளியில் கூட்டமாக இறங்கும் புறா, வாத்து, கொக்கு இந்த வகை. புதருக்குள் தனித்து வாழ்ந்து குரலால் எல்லை காக்கும் கவுதாரி, குறுங்காடை, கானாங்கோழி, முராய் ஆகியவற்றுக்குச் செத்த பறவை வெறும் பிணம். அது கூப்பிடாது. நம் பக்கத்தில் வேட்டைக்குள்ளான பறவைகளில் பெரும்பாலானவை இரண்டாம் வகை. அதனால்தான் இங்கே உயிருள்ள பார்வை நிலைத்தது, பின்னர் அதன் இடத்தைப் பதிவுக்குரல் பிடித்தது.

கருவியும் ஒரு காரணம். துப்பாக்கிக்குப் பறவை முப்பது நாற்பது மீட்டருக்குள் வந்தால் போதும், ஒரு நொடி ஏமாந்தாலே வேலை முடிந்தது. வலைக்கும் கண்ணிக்கும் குறித்த இடத்திலேயே கால் பதிய வேண்டும், அதற்கு அசையும், கூவும் பறவைதான் சரி. மலேசியாவில் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. தோட்டத்துப் பையன்களின் கையில் இருந்தது லாஸ்டிக் எனப்படும் கவணும் கண்ணியும்தான். செத்த பறவையைச் சேமிக்கும் வழக்கம் துப்பாக்கி பரவிய நாடுகளில்தான் வளர்ந்தது.

தட்பவெப்பத்தையும் மறக்கக்கூடாது. இங்கிலாந்துக் குளிர்காலத்தில் செத்த புறா கொட்டகையில் நாள்கணக்கில் கெடாமல் கிடக்கும். நம் ஊர் வெயிலில் காலையில் செத்த பறவையை மாலையில் ஈ மொய்க்கும். மின்சாரம் எட்டாத காலத்தில் அதைச் சேமிக்க வழியே இல்லை. உயிரோடு வைத்திருப்பதுதான் இங்கே கெடாமல் வைத்திருக்கும் ஒரே முறை. இமை தைத்த கொடுமைக்கு மனிதரின் கல்நெஞ்சோடு இந்த வெயிலும் ஒரு பின்னணி.

இப்போது உறைபெட்டி வந்துவிட்டது. கொக்கு, புறா, தெக்குக்கூர் எனப்படும் புள்ளிப்புறா போன்றவற்றுக்காக யாராவது இந்த முறையைக் கைக்கொண்டால் என்ன ஆகும்? இங்கேதான் என் கவலை முழுவதும் இருக்கிறது. வீட்டு உறைபெட்டியின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி. அந்தக் குளிர் அழுகலைத்தான் நிறுத்தும், பறவைக் காய்ச்சல் வைரஸைக் கொல்லாது. ஆய்வகங்களில் வைரஸைப் பல ஆண்டு பாதுகாப்பதே உறைகுளிரில்தான். உருகும்போது வாயிலிருந்தும் பின்புறத்திலிருந்தும் கசியும் நீர், கையில் ஒட்டும் இறகு, மறுபடி உள்ளே போகும் ஈரப்பை, அதே தட்டில் பிள்ளைகளுக்கான ஐஸ்கிரீம். சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் இதே வழியில் வரக்கூடியவை.

இது வீண் பயமல்ல. 2006-இல் அசர்பைஜானில், செத்துக்கிடந்த அன்னங்களின் இறகைப் பறித்தவர்களுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் தொற்றி, இளம்பெண்கள் சிலர் இறந்தார்கள். காட்டுப்பறவையிலிருந்து மனிதருக்கு நேராகத் தொற்றியதற்கு உலகம் சுட்டும் சான்று அதுதான். அவர்கள் செய்தது இறகைக் கையாண்டது மட்டுமே. அதே 2006 மார்ச்சில் பேராக்கிலும் பினாங்கிலும் கோழிகளிடையே எச்5என்1 காணப்பட்டு, பறவைகள் அழிக்கப்பட்டன. 2021 ஜனவரியில் இமாசலப் பிரதேசத்தின் போங் அணையில் வலசை வந்த வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அதே நேரத்தில் ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் காக்கைகள் கொத்துக்கொத்தாக விழுந்தன.

சிம்பாங் அம்பாட்டின் இடமும் இதில் முக்கியம். மேற்கே பத்து காவானும் கடலோரச் சேற்றுநிலங்களும். வடக்கே, பினாங்கின் பெருநிலக் கரையில், தெலுக் ஆயிர் தாவார் முதல் கோலா மூடா வரையான கரை, வலசை வரும் உள்ளான்களுக்கு உலக அளவில் முக்கியமான இடம். நமக்குப் பக்கத்திலேயே வால்டோர் வட்டாரத்தில் பன்றிப் பண்ணைகள் இருக்கின்றன. பறவைக் கிருமியும் மனிதக் கிருமியும் ஓர் உடலில் சந்தித்துக் கலக்கக்கூடிய விலங்கு பன்றி. 1998-99-இல் நிப்பா வைரஸ் பன்றி வழியாக வந்து இந்நாட்டில் நூறு பேருக்கு மேல் உயிரைக் கொண்டுபோனதை இந்தத் தலைமுறை மறக்கவில்லை. காட்டுப்பறவை, பண்ணை, வீடு மூன்றும் இவ்வளவு நெருங்கிய ஊரில், எதனால் செத்தது என்று தெரியாத பறவையை அடுக்களைக்குள் கொண்டுவருவதற்கு எந்த நியாயமும் இல்லை.

சட்டமும் இதையே சொல்கிறது, பலருக்கு அது தெரியாது. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவையை உரிமமின்றி வேட்டையாடுவது மட்டும் குற்றமல்ல. அதன் உடலின் எந்தப் பகுதியையும், அதிலிருந்து எடுத்த எந்தப் பொருளையும் உரிமமின்றி வைத்திருப்பதும் குற்றம். 2022-இல் வந்த திருத்தம் தண்டனைகளைப் பெரிதும் உயர்த்தியது. கடுமையான குற்றங்களுக்கு அபராதத்தின் உச்சம் பத்து லட்சம் ரிங்கிட். உறைபெட்டியில் கிடக்கும் செத்த பறவையும் இந்தச் சட்டத்தின் பார்வைக்குள் வரும். ‘நான் கொல்லவில்லை, ரோட்டில் கிடந்தது’ என்று சொன்னாலும் வைத்திருந்தது வைத்திருந்ததுதான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குள் கண்ணி வைப்பது, இரைகாட்டி ஈர்ப்பது, அதற்கான முயற்சி எல்லாவற்றையும் அடக்கிவிட்டது. அங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. ஆகவே பார்வைப் பறவை செத்ததா உயிருள்ளதா என்ற கேள்விக்கே அங்கு பொருளில்லை.

செத்த பறவையைச் சேமிப்பதில் நல்ல பயன் ஒன்று உண்டு, அது ஆராய்ச்சி. கண்ணாடிக் கட்டடத்தில் மோதி விழுந்தது, வாகனத்தில் அடிபட்டது போன்ற உடல்களிலிருந்து வலசைப் பாதையையும் நஞ்சின் அளவையும் நோயின் வரவையும் அறிஞர்கள் படிக்கிறார்கள். அனுமதியோடு, கிடைத்த இடமும் நாளும் எழுதிய சீட்டோடு, உணவுக்குத் தொடர்பில்லாத பெட்டியில் வைக்கும் வேலை அது.

வரப்போரத்திலோ கரையிலோ ஒன்றுக்கு மேற்பட்ட பறவைகள் ஒரே இடத்தில் செத்துக்கிடந்தால் தொடாமல், பிள்ளைகளையும் நாயையும் தள்ளி நிறுத்தி, கால்நடைச் சேவைத் துறைக்கோ பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறைக்கோ சொல்ல வேண்டும். தனியாகக் கிடக்கும் ஒன்றைப் புதைத்தே ஆக வேண்டுமென்றால், பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்து, ஆழமாகக் குழி தோண்டி, பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். வயலோரம் இருட்டில் ஒரே கானாங்கோழிக் குரல் இடைவெளி மாறாமல் திரும்பத் திரும்பக் கேட்டால் அது பறவையாக இல்லாமல் பதிவுக்குரலாக இருக்கலாம். அதையும் வனவிலங்குத் துறைக்குச் சொல்லலாம்.